யூட்டா அலுவலகத்தில் காபி: புதிதாக வருபவர்களுக்கு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் சிட்டி, லீஹை, ப்ரோவோ பக்கம் வேலை கிடைத்து வரப்போகும் நம்மவர்கள் வாடகை, பனி, பள்ளிக்கூடம் எல்லாம் விசாரித்து முடித்த பிறகு, தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்பார்கள்: "அங்கே ஆபீஸில் காபி குடிக்கலாமா?"

குடிக்கலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். முறைக்கக்கூட மாட்டார்கள். ஆனால் இங்கே பலர் காபியை விலக்கும் மோர்மன் சபையினர். ஆகவே பான்ட்ரியில் காபி இயந்திரம் இருக்கும் என்று நம்பி வெறுங்கையோடு போய் நிற்காதீர்கள். இன்னொன்று: மற்ற ஊர் அலுவலகங்களில் யார் கையில் என்ன கோப்பை என்று யாரும் பார்ப்பதில்லை. இங்கே பார்ப்பார்கள். உங்கள் கோப்பையை அல்ல, உங்கள் பக்கத்தில் நிற்பவரின் கோப்பையை. இந்தக் கட்டுரையில் பாதி உங்கள் காபிக்கான ஏற்பாடு, மீதி அந்தப் பக்கத்துக் கோப்பை பற்றியது.

விதி என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

நாம் மோர்மன் என்று சொல்கிற சபையின் முழுப்பெயர், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. மோர்மன் என்ற பெயரைத் தவிர்க்கும்படி 2018இல் அன்றைய தலைவர் ரசல் நெல்சன் கேட்டுக்கொண்டார். அலுவலகப் பேச்சில் "சபை உறுப்பினர்" என்று சொன்னாலே போதும், எல்லோருக்கும் புரியும்.

1833ஆம் ஆண்டு பிப்ரவரி 27 அன்று, ஒஹையோ மாநிலத்தின் கர்ட்லண்டில், சபையின் நிறுவனர் ஜோசப் ஸ்மித்துக்கு இறைவாக்கு ஒன்று கிடைத்ததாக அவர்கள் நம்புகிறார்கள். அதற்குப் பெயர் ஞான வார்த்தை. மது வேண்டாம், புகையிலை வேண்டாம், சூடான பானங்கள் வேண்டாம் என்கிறது அது. சூடான பானம் என்றால் காபியும் தேயிலையும்தான் என்று தொடக்கக் காலத்திலேயே தலைவர்கள் விளக்கம் சொல்லிவிட்டார்கள். ஆரம்பத்தில் இது அறிவுரை மட்டுமே, குடித்தவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். ஹீபர் ஜே. கிராண்ட் தலைவராக இருந்த 1920களில்தான் கண்டிப்பான நிபந்தனையாக மாறியது.

நிபந்தனை எதற்கு என்றால், ஆலயத்துக்குள் போவதற்கு. ஞாயிறு வழிபாட்டுக்கு யாரும் போகலாம். ஆலயம் வேறு. அதற்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நேர்காணல் வைத்துத்தான் அதைப் புதுப்பிப்பார்கள். ஞான வார்த்தையைக் கடைப்பிடிக்கிறீர்களா என்பது அதில் ஒரு கேள்வி. பிள்ளையின் திருமணம் ஆலயத்துக்குள் நடந்தால், சீட்டு இல்லாத தாய் தகப்பன் வெளியேதான் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆகவே சபையில் இருப்பவருக்குக் காபி என்பது உடம்புக்கு நல்லதா கெட்டதா என்ற விவகாரம் இல்லை. அதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

இனி எது ஆகும், எது ஆகாது. காபி என்றால் சூடோ குளிரோ, எல்லாமே ஆகாது. கஃபீன் நீக்கியதையும் பெரும்பாலோர் தவிர்ப்பார்கள். கோல்ட் காபிக்கு விலக்கு உண்டா என்று இளைஞர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால், 2019இல் சபையின் இளைஞர் இதழிலேயே தெளிவாக எழுதிவிட்டார்கள். தேயிலையில் கருப்பும் பச்சையும் ஆகாது. எனவே நம் மசாலா டீ, மாட்சா, ஐஸ் டீ எல்லாம் போயிற்று. புதினா, கெமோமில் மாதிரி மூலிகைக் கஷாயங்கள் ஆகும். ஹாட் சாக்லேட் தாராளமாக ஆகும். காபி ஐஸ்கிரீம், காபியில் நனைத்துச் செய்யும் திராமிசு, தேயிலையைப் புளிக்கவைத்த கொம்புச்சா எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் சாப்பிடுவார், அவருடைய மனைவி தொட மாட்டார்.

கோக்? ஆகும். இதைக் கேட்டுத்தான் நம்மவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். கஃபீனுக்குத் தடை இல்லை என்று 2012இல் சபையே விளக்கம் கொடுத்துவிட்டது. ப்ரோவோவில் சபை நடத்தும் பிரிகம் யங் பல்கலைக்கழகம் 2017 முதல் வளாகத்திலேயே கஃபீன் உள்ள சோடா விற்கிறது. ஒரு கேன் டயட் கோக்கில், அதாவது 355 மில்லியில், 46 மில்லிகிராம் கஃபீன். இரண்டு கேன் குடித்தால் ஏறக்குறைய ஒரு கப் காபிக்குச் சமம். "அதுவும் கஃபீன்தானே" என்று கிண்டல் செய்ய நாக்கு துடிக்கும். வேண்டாம். சின்ன வயதிலிருந்து அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள் அவர்கள்.

வேலையை ஏற்கும் முன்பும் முதல் வாரத்திலும்

நேர்காணலுக்குப் போகும்போது "ஏதாவது குடிக்கிறீர்களா?" என்று கேட்பார்கள். தண்ணீர், சோடா, சில இடங்களில் காபி. எதைக் கேட்டாலும் மதிப்பெண் கூடவோ குறையவோ போவதில்லை. காபி வேண்டாம் என்று சொல்லி நல்லபிள்ளை வேஷம் கட்டத் தேவையில்லை.

அலுவலகச் சூழல் ஊருக்கு ஊர் மாறும். சால்ட் லேக் சிட்டி நகர மையத்தில் காபி சர்வசாதாரணம். அது இருக்கும் சால்ட் லேக் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) சபை உறுப்பினர்கள் இன்று பாதிக்கும் குறைவு. அங்கிருந்து தெற்கே மலைமுனையைத் தாண்டி யூட்டா கவுண்டிக்குள் நுழைந்தால் கதை வேறு. லீஹை, அமெரிக்கன் ஃபோர்க், ஓரம், ப்ரோவோ எல்லாம் அங்கேதான். அடோபி மாதிரி வெளிமாநில நிறுவனங்களின் கிளைகளில் பெரும்பாலும் நல்ல காபி இயந்திரமே இருக்கும். உள்ளூர்க்காரர்கள் ஆரம்பித்த சின்ன நிறுவனங்களில் பான்ட்ரியைத் திறந்தால் சோடா பிடிக்கும் இயந்திரம் ஒன்று, பத்து வகை சிரப், மலைபோல் குக்கி, ஹாட் சாக்லேட் பொட்டலங்கள். காபி மட்டும் இருக்காது. இதில் பகை ஒன்றும் இல்லை. வாங்குபவருக்குக் காபி என்று ஒன்று இருப்பதே நினைவில் வராது, அவ்வளவுதான்.

எனவே முதல் வாரம் பார்த்துக்கொள்ள வேண்டியது மூன்று. இயந்திரம் இருக்கிறதா? இருந்தால் அது அலுவலகச் செலவா, குடிப்பவர்கள் காசு போட்டு வாங்கி வைத்ததா? இரண்டாவது வகை இங்கே நிறைய. மூலையில் ஒரு கியூரிக் (பாட் என்கிற, தூள் அடைத்த சின்னக் குப்பியைப் போட்டால் ஒரு கோப்பை இறக்கித் தரும் இயந்திரம்), பக்கத்தில் ஒரு டப்பா, அதில் சில்லறை. கேட்காமல் எடுத்துக் குடித்தால் முதல் வாரமே பெயர் கெடும். மூன்றாவது, அதே இயந்திரத்தில் மற்றவர்கள் ஹாட் சாக்லேட் போடுகிறார்களா?

இந்த மூன்றாவதை நம்மவர்கள் யாரும் யோசிப்பதில்லை. நீங்கள் காபி பாட் போட்டு எடுத்த பிறகு குழாயில் கொஞ்சம் காபி தங்கியிருக்கும். அடுத்து வருபவர் சாக்லேட் போட்டால் முதல் வாயிலேயே அது தெரியும். உங்கள் கோப்பை நிறைந்ததும் பாட்டை எடுத்துப் போட்டுவிட்டு, வெறும் தண்ணீரை ஒருமுறை ஓடவிட்டு ஊற்றிவிடுங்கள். அரை நிமிட வேலை. யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள், ஆனால் கவனிப்பார்கள். பொதுக் கெட்டிலில் தண்ணீர் மட்டும்தான் கொதிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் சொந்த ஏற்பாடு

இயந்திரம் இருந்தாலும் அந்தக் கழுநீர் நமக்குப் போதாது என்பது வேறு விஷயம். ஊரிலிருந்து எவர்சில்வர் பில்டரைக் கொண்டுவாருங்கள். சால்ட் லேக் பள்ளத்தாக்கு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரம். தண்ணீர் 95, 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். டிகாக்‌ஷனுக்கு அது போதும். கொதித்ததும் ஆறவிடாமல் உடனே ஊற்றுங்கள். இரவே இறக்கி வைத்துவிட்டால் காலையில் சின்ன தெர்மாஸில் எடுத்துக்கொண்டு கிளம்பலாம். அலுவலகத்தில் பாலை மைக்ரோவேவில் சூடாக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பொங்கி வழிந்து அந்த வாசனை பரவினால் அன்றைக்குப் பேச்சே அதுதான்.

டிகாக்‌ஷனை பிரிட்ஜில் வைப்பதானால் பாட்டிலில் பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் காபி என்று எழுதி ஒட்டுங்கள். கருப்பாக, கெட்டியாக இருக்கும் அது ரூட் பீர் (பெயர்தான் பீர், மது இல்லாத இனிப்புச் சோடா) சிரப் என்று யாராவது சோடாவில் ஊற்றிக்கொண்டால் உங்கள் டிகாக்‌ஷனும் போகும், அவர்களுக்கும் சங்கடம். எதிர்ப்பக்கமும் ஒரு எச்சரிக்கை: அதே பிரிட்ஜில் கிரீமர் பாட்டில்கள் வரிசையாக இருக்கும். காபிக்கு என்று நினைத்து ஊற்றிவிடாதீர்கள். பெரும்பாலும் அவை சோடாவில் கலக்கத் தேங்காய் மணத்தோடு வாங்கி வைத்தவை.

மதியம் மூன்று மணி

சென்னையில் டீக்கடைக்குக் கிளம்பும் நேரம் இங்கே சோடாக் கடைக்குக் கிளம்பும் நேரம். இதை மட்டும் தவறவிடாதீர்கள். உங்களுக்குக் கிடைக்கும் நட்பில் பாதி இங்கேதான் உருவாகும்.

செயின்ட் ஜார்ஜ் நகரில் 2010இல் ஸ்விக் என்ற கடை தொடங்கியது. பிறகு சோடாலிஷியஸ், ஃபிஸ் என்று வரிசையாக வந்தன. கோக்கிலோ டாக்டர் பெப்பரிலோ சிரப், பழக்கூழ், கிரீம் கலந்து கொடுப்பார்கள். டர்ட்டி சோடா என்று பெயர். அந்த டர்ட்டி என்ற சொல் யாருக்குச் சொந்தம் என்று 2015இல் ஸ்விக்கும் சோடாலிஷியஸும் நீதிமன்றம் வரை போனார்கள் என்றால் வியாபாரம் எவ்வளவு சூடானது என்று பார்த்துக்கொள்ளுங்கள். காரை விட்டு இறங்க வேண்டாம், ஜன்னல் வழியாகவே வாங்கலாம். பெரிய கோப்பை 44 அவுன்ஸ், அதாவது 1.3 லிட்டர். முதல்முறை போகிறவர் சின்னதைக் கேளுங்கள். டயட் கோக், தேங்காய் சிரப், எலுமிச்சை, இந்தக் கூட்டணி நம் நாக்குக்கு ஒத்துவரும். சிரப்பைப் பாதியாகக் கேட்டால் கொடுப்பார்கள், கேளுங்கள். அங்கே சர்க்கரைக் குக்கியும் விற்பார்கள். அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

"காபி சாப்பிட்டுக்கொண்டே பேசுவோமா?" என்று மேனேஜரைக் கூப்பிடும் வழக்கம் உங்களுக்கு இருந்தால், இங்கே "சோடா வாங்கப் போகலாமா?" என்று மாற்றிக்கொள்ளுங்கள். உட்கார்ந்து பேச வேண்டும் என்றால் மதிய உணவு. புதிதாக அறிமுகமானவரைக் காபிக் கடைக்குக் கூப்பிட்டால் தப்பில்லை. பலர் வந்து ஹாட் சாக்லேட் வாங்கிக்கொண்டு உட்காருவார்கள். சிலர் அங்கே உட்கார்ந்திருப்பதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று நெளிவார்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவரிடமே விட்டுவிடுவது சுலபம்.

பக்கத்துக் கோப்பை

சரி, கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டிய பகுதிக்கு வருவோம்.

உங்கள் குழுவில் காபி குடிக்கும் உள்ளூர்க்காரர் ஒருவர் இருப்பார். சபைக்கே சம்பந்தமில்லாதவராக இருக்கலாம். பிறந்து வளர்ந்து பிறகு சபையை விட்டு வந்தவராக இருக்கலாம். உறுப்பினராகவே இருந்து, இந்த ஒன்றில் மட்டும் கொஞ்சம் இளக்கம் காட்டுபவராகவும் இருக்கலாம். கடைசி இருவருக்கும் வீட்டில் சொல்லாத கதை ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். மாமனாருக்குத் தெரியாது, பெற்றோருக்குத் தெரியாது, சில சமயம் கணவனுக்கோ மனைவிக்கோகூடத் தெரியாது. சபையை விட்டு வந்ததை வாயால் அறிவிக்காதவர்கள்கூட, ஒருநாள் எல்லோர் முன்னிலும் காபிக் கோப்பையோடு வந்து நின்று அறிவித்துவிடுவதுண்டு. கூடவே இருப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் போவார்கள். எல்லோருக்கும் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும்.

இதில் நாம் செய்யக்கூடிய கெடுதல் ஒன்றுதான்: வாயைத் திறப்பது. "நானும் அவரும் தினமும் ஒன்றாகத்தான் காபி குடிப்போம்" என்று விருந்தில் அவர் குடும்பத்தார் முன்னால் சொல்வது, குழுப் படத்தில் அவர் கோப்பை தெரியும்படி எடுத்து ஊருக்கே அனுப்புவது. இந்தச் சபையில் சம்பளம் வாங்கும் உள்ளூர்ப் பாதிரியார் கிடையாது. ஒரு வட்டாரத்து உறுப்பினர்களில் ஒருவரையே சில ஆண்டுகளுக்கு பிஷப்பாக நியமிப்பார்கள். அவர் ஞாயிறு பிஷப், திங்கட்கிழமை பல் மருத்துவர், பிளம்பர், அல்லது உங்கள் பக்கத்து டீமின் மேனேஜர். ஆலயச் சீட்டுக்கான நேர்காணலைத் தொடங்குபவர் அவரே. நீங்கள் லிஃப்டில் விளையாட்டாகச் சொன்னது எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

ஆகவே ஒருவர் குடித்தால் "ஓ, நீங்கள் மோர்மன் இல்லையா?" என்று கேட்காதீர்கள். குடிக்காவிட்டாலும் "நீங்கள் மோர்மனா?" என்று கேட்காதீர்கள். வயிற்றுப் புண்ணால் குடிக்காதவர்களும் இருக்கிறார்கள். வெள்ளைக்காரர் என்றால் உறுப்பினர் என்று கணக்குப் போடவும் வேண்டாம். டோங்கா, சமோவா தீவுகளிலிருந்து வந்த குடும்பங்களில் தீவிர உறுப்பினர்கள் இங்கே ஏராளம். தாங்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். பலர் சந்தோஷமாகவே சொல்வார்கள். இளவயதில் ஊழியத்துக்காக வெளிநாடு போய் வந்தவர்கள் நிறைய. இந்தியாவுக்கு வந்திருந்தவர் கிடைத்தால் பேச்சு வேறு எங்கோ போய்விடும்.

அதேபோல அவர்கள் முன்னால் குடிக்க நீங்கள் கூச வேண்டியதில்லை. மாலை போட்ட சாமியின் பக்கத்து மேசையில் மற்றவர்கள் சிக்கன் சாப்பிடுவதில்லையா, அப்படித்தான். நீங்கள் மறைந்து மறைந்து குடித்தால்தான் அவர்களுக்குக் கஷ்டமாக இருக்கும், தங்களால் இவர் பயப்படுகிறாரே என்று.

உபசரிப்பு

நம் கையில் இருக்கும் பெரிய ஆபத்து, வற்புறுத்தல். "ஒரு வாய் குடித்துப் பாருங்கள், ஒன்றும் ஆகாது" என்பது நம்மூரில் அன்பு. இங்கே அது ஒருவரை அவருடைய வாக்கை மீறச் சொல்வது. ஒருமுறை கேளுங்கள், வேண்டாம் என்றால் அடுத்த வார்த்தை வேறு விஷயமாக இருக்கட்டும்.

வீட்டுக்குக் கூப்பிட்டால் காபியை எண்ணாமலேயே நம்மிடம் எத்தனை இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். ரோஸ் மில்க், பாதாம் பால், பானகம், மோர், ஹார்லிக்ஸ். ரசத்தைக் கோப்பையில் கொடுத்தாலும் குடிப்பார்கள். சூடாக இருப்பது அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. சுக்கு மல்லிக் காபி கொடுப்பதில் மட்டும் ஜாக்கிரதை. காபித்தூள் சேர்க்காததா என்று பொட்டலத்தைப் பாருங்கள். சில கம்பெனிகள் கலந்து விற்கின்றன. கலக்காததாக இருந்தாலும் இஞ்சி மல்லிக் கஷாயம் என்றே அறிமுகப்படுத்துங்கள். காபி என்ற பெயரைக் கேட்டதும் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார்கள், அப்புறம் எவ்வளவு விளக்கினாலும் எடுபடாது.

மாதத்தின் முதல் ஞாயிறு அவர்களுக்கு உபவாச நாள், தண்ணீர்கூட இல்லாமல் இரண்டு வேளை விடுவார்கள். அன்றைக்கு மதிய விருந்து வைக்காதீர்கள். திங்கள் மாலை குடும்பத்துக்கு என்று ஒதுக்கியது.

எல்லாக் கட்டுப்பாடும் இவர்களிடம்தான் என்று நினைத்துவிட வேண்டாம். ப்ரோவோவுக்குத் தெற்கே ஸ்பானிஷ் ஃபோர்க்கில் இஸ்கான் கிருஷ்ணர் கோயில் இருக்கிறது. அங்கே தீட்சை பெற்ற பக்தர்களும் காபி, டீ தொடுவதில்லை. அந்தக் கோயிலின் ஹோலிக்கு வந்து வண்ணம் பூசிக்கொள்ளும் கூட்டத்தில் பிரிகம் யங் மாணவர்கள் ஏராளம். இருவருக்கும் ஒத்துப்போகிறது என்றால் ஆச்சரியம் என்ன?

சபையின் சொந்த நிறுவனம் என்றால்

மேலே சொன்ன தாராளம் எல்லாம் சாதாரண நிறுவனங்களுக்கு. பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் படிக்க வருகிறீர்கள் என்றால் சேரும்போதே நன்னடத்தை விதிகளில் கையெழுத்திடுவீர்கள். காபியும் டீயும் அதில் தடை. நீங்கள் இந்துவோ முஸ்லிமோ, விலக்கு இல்லை. ஊழியர்களுக்கும் பொருந்தும். விடுதி அறையில் பில்டரை ஒளித்து வைத்துச் சமாளிக்கலாம் என்று சீனியர் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கையெழுத்துப் போட்டது போட்டதுதான்.

சபையின் நேரடி அலுவலகங்களில் வேலை என்றால் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். சால்ட் லேக் சிட்டியில் சபை நடத்திய ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் 16 ஆண்டு கட்டடப் பராமரிப்பு வேலை பார்த்தவர், ஆலயச் சீட்டு இல்லை என்பதால் வேலையிழந்தார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. மத அமைப்புகள் தங்கள் லாபநோக்கற்ற வேலைகளில் இப்படி மதம் பார்த்து ஆள் வைக்கலாம் என்று 1987இல் தீர்ப்பு வந்தது. வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் மற்ற தனியார் நிறுவனங்களுக்கு அந்தச் சலுகையைத் தரவில்லை. 15 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் மதத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது. காபி இயந்திரம் வாங்கித் தராமல் இருப்பது அந்தக் கணக்கில் வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

தூள் எங்கே வாங்குவது

காபி குடிக்காத ஊரில் காபி மட்டமாக இருக்கும் என்று நினைப்போம். நேர்மாறு. சால்ட் லேக் ரோஸ்டிங் கம்பெனி 1981 முதல் கொட்டை வறுக்கிறது. பீன்ஸ் அண்ட் புரூஸ் 1993இல் இங்கே தொடங்கிய சங்கிலிக் கடை, யூட்டா கவுண்டியிலும் உண்டு. பில்டருக்கு என்று சொன்னால் காகித பில்டருக்கான அரைப்பைக் கொடுத்துவிடுவார்கள். அதைவிட நைஸாக, எஸ்பிரெஸோவுக்குக் கொஞ்சம் முந்திய பக்குவத்தில் அரைக்கச் சொல்லுங்கள்.

சிக்கரி கேட்டால் விழிப்பார்கள். இந்தியக் கடையில் கலந்த தூளே வாங்கிவிடலாம், அல்லது நியூ ஆர்லியன்ஸ் பாணியில் சிக்கரி சேர்த்த கஃபே டு மாண்ட் டப்பா. இன்னொரு வேடிக்கை: பெரோ என்று ஒரு தூள் உண்டு, பார்லி, சிக்கரி, ரை தானியம் கலந்தது, காபி துளியும் கிடையாது. சபைக் குடும்பங்களில் பழைய தலைமுறை அதைத்தான் பாலில் கலக்கிக் குடிக்கும். ஒரு டப்பா கிடைத்தால் வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டால், வரும் விருந்தாளிக்கு உங்கள் டபராவிலேயே நுரை பொங்க ஆற்றிக் கொடுக்கலாம். சிக்கரி வாசனை நமக்கும் பழகியதுதானே.

யூட்டா கவுண்டியில் ஞாயிறு மூடிக்கிடக்கும் கடைகள் நிறைய. திங்கட்கிழமைக்கான தூளைச் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள்.